எட்டாம் வகுப்போடு நிற்கும் உரிமை

(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

தோழர்களே!

கைநாட்டு வைத்துக் கூலி வாங்கிய தகப்பனார், பாட்டனார் உங்களில் எத்தனை பேருக்கு உண்டு? கை தூக்கச் சொன்னால் பாதிப் பேர் தூக்குவீர்கள்.

1951-ல் நமது நாட்டில் எழுத்தறிந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 18 பேர். பெண்களில் 9 பேர்கூட இல்லை. 2011 கணக்கெடுப்பில் மொத்தத்தில் 70-க்கு மேல். பெண்களில் சுமார் 65. இது சாமானிய முன்னேற்றமல்ல.

இது தானாக வந்துவிடவில்லை. பசித்த வயிற்றுக்குப் பாடம் ஏறாது. 1956-ல் காமராஜர் ஆட்சியில் சென்னை ராஜ்யத்துப் பள்ளிகளில் மதிய உணவு வந்தது. சர்க்கார் பள்ளிகளில் சமைத்த உணவு தரவேண்டுமென்று 2001-ல் சுப்ரீம் கோர்ட் எல்லா ராஜ்யங்களுக்கும் உத்தரவிட்டது. சோறு கிடைத்தது, கூலிக்காரன் குழந்தையும் பள்ளிக்கு வந்தது.

ஆனால் கொடுத்த வாக்குறுதி என்னவாயிற்று?

1950-ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 45-வது ஷரத்து, 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வியைப் பத்து ஆண்டுகளுக்குள் அளிக்க முயலவேண்டும் என்றது. அதாவது 1960-க்குள்! அதற்கான சட்டம் நிறைவேறியது 2009-ல், அமலானது 2010-ல். ஐம்பது வருஷ தாமதம்! தேசிய வருமானத்தில் 6 சதவீதத்தைக் கல்விக்குச் செலவிடவேண்டும் என்று கோத்தாரி கமிஷன் 1966-ல் சொன்னது. அந்த இலக்கை இன்றுவரை எட்டவில்லை.

அந்தச் சட்டமும் எதுவரை? 6 வயது முதல் 14 வரை. எட்டாம் வகுப்பு வரை. அதற்கு மேல் படிப்பது உரிமையல்ல. 2016-ல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டமோ, 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களை அபாயகரமான வேலைகளில் மட்டுமே தடுக்கிறது. ஒரு கதவு மூடும் வயதிலேயே இன்னொரு கதவு திறக்கிறது. அது கூலி வேலையின் கதவு!

அந்தக் கதவில் நுழைவது யார் பிள்ளை? முதலாளி பிள்ளையா? உயர்நிலைப் பள்ளி தூரம், பஸ் செலவு, வீட்டில் கடன். "பெண் படித்தது போதும், மில்லுக்குப் போகட்டும்" என்று நாமே சொல்லிவிடுகிறோம். வறுமைதான் சொல்ல வைக்கிறது. ஆனால் இழப்பது அந்தப் பெண்!

ஆகவே, தோழர்களே! 18 வயது வரை இலவசக் கல்வியைச் சட்ட உரிமையாக்கு என்று கேட்போம். கூடவே, நம் தெருவில் ஒன்பதாம் வகுப்பில் நின்றுபோன பிள்ளைகள் யார் யார் என்று நாளைக்கே ஒரு பட்டியல் எடுப்போம். அதை ஊர்ப் பள்ளிக்கூட வாசலில் கொண்டுபோய் வைப்போம்.

கைநாட்டுக் காலம் திரும்பக் கூடாது!