டிவி பெட்டி பேசுது... செயலி ஏன் பேச மறுக்குது?

(இருங்காட்டுக்கோட்டையில் தொழிலாளர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இருங்காட்டுக்கோட்டைன்னா ஹூண்டாய். 1998-லிருந்து இங்கே கார் தயாராகிறது. அதே நெடுஞ்சாலையில் சுங்குவார்சத்திரம் போனால் ஃபாக்ஸ்கானில் ஐபோன், சாம்சங்கில் டிவி. உலகத்துக்கே போனும் டிவியும் செய்து கொடுக்கிற கைகள் நம்முடையவை.

ஷிப்ட் முடிஞ்சு கம்பெனி பஸ்ஸில் ஏறினதும் என்ன செய்யறோம்? விட்டுப்போன சீரியலைப் போனில் போட்டுப் பார்க்கிறோம். ராத்திரி எட்டு மணிக்கு டிவி முன்னால் உட்கார நமக்கு ஏது நேரம்? இதே வசதி பார்வை மாற்றுத்திறனாளிகளுக்குக் கிடைக்கிறதா? அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

"பார்வை இல்லாதவங்களுக்கு டிவி எதுக்குங்க?" என்று கேட்பவர்கள் உண்டு. வானொலியில் ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்த தமிழ்நாடு இது. மைதானத்தைப் பார்க்காமலே, அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனையில் கிரிக்கெட்டை ரசித்த மக்கள் நாம். காதால் கதை பார்க்க நமக்கா தெரியாது? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பார்வை மாற்றுத்திறனாளிகள் சுமார் 50 லட்சம் பேர். வீட்டில் எல்லாரும் சேர்ந்து பேசி, சிரித்து, சண்டை போடும் கதையிலிருந்து இவர்களை மட்டும் ஒதுக்கி வைப்பது என்ன நியாயம்?

இதில் இரண்டு பூட்டு இருக்கிறது.

முதல் பூட்டு, செயலி. ஆண்ட்ராய்டு போனில் 'டாக்பேக்', ஐபோனில் 'வாய்ஸ்ஓவர்' என்ற திரைவாசிப்பான் உண்டு. விரல் வைத்த இடத்தில் என்ன இருக்கிறது என்று குரலில் சொல்லும். ஐபோனில் இது 2009-லேயே வந்துவிட்டது. சாம்சங் டிவியிலும் 'வாய்ஸ் கைடு' இருக்கிறது. ஆனால் செயலியை எழுதுபவர் ஒவ்வொரு பட்டனுக்கும் பெயர் எழுதி வைத்தால்தான் அது வாசிக்க முடியும். எழுதவில்லை என்றால் "பட்டன்... பட்டன்... பட்டன்" என்றுதான் சொல்லும். எது நேற்றைய எபிசோட், எது விளம்பரம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கருவி தயார், செயலிதான் கதவைச் சாத்துகிறது.

இரண்டாவது பூட்டு, நிகழ்ச்சி. கதாநாயகி கடிதத்தைப் படித்துவிட்டுக் கிழித்துப் போடுகிறாள். வசனம் இல்லை, பின்னணி இசை மட்டும். பார்வை இல்லாதவருக்கு அங்கே கதையே அறுந்துபோகிறது. வசனத்துக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியில் "அவள் கடிதத்தைக் கிழிக்கிறாள்" என்று ஒரு குரல் சொன்னால் போதும். இதற்குப் பெயர் ஒலி விவரிப்பு. நெட்ஃபிளிக்ஸ் 2015-ல் இதைத் தொடங்கியது. பிரிட்டனில் 2024-ல் வந்த ஊடகச் சட்டம், பெரிய இணையத் தொலைக்காட்சிச் சேவைகள் 10 சதவீத நிகழ்ச்சிகளுக்கு ஒலி விவரிப்பு தர வேண்டும் என்கிறது.

நம்ம நாட்டில் சட்டம் இல்லையா? இருக்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42-வது பிரிவு, ஒலி விவரிப்பு என்ற பெயரையே சொல்லி, அதை உறுதி செய்வது அரசின் கடமை என்கிறது. 2023 ஜனவரியில், பார்வை மாற்றுத்திறனாளி ஒருவரும் சேர்ந்து தொடுத்த வழக்கில், 'பதான்' படம் ஓடிடிக்கு வரும்போது ஒலி விவரிப்பு வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, டிஜிட்டல் அணுகல் என்பது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது. ஓடிடி தளங்களுக்கான வரைவு நெறிமுறையை ஒன்றிய அரசு வெளியிட்டதோ 2025 அக்டோபரில்தான். சட்டத்துக்கும் வரைவுக்கும் நடுவே ஒன்பது வருஷம்!

நாம் கேட்பது மூன்றே விஷயம். ஒன்று, செயலி வெளியாகும் முன்பே பார்வை மாற்றுத்திறனாளிகளை வைத்துச் சோதிக்க வேண்டும். இரண்டு, புதிய தமிழ்த் தொடர்களுக்குத் தமிழிலேயே ஒலி விவரிப்பு வேண்டும். மூன்று, இதெல்லாம் கம்பெனிகளின் விருப்பமாக இல்லாமல், மீறினால் தண்டனை உள்ள விதியாக வேண்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்? இன்று ராத்திரி உங்கள் போனில் டாக்பேக்கைப் போடுங்க. ஒருமுறை தொட்டால் பெயர் சொல்லும், இருமுறை தட்டினால் திறக்கும். கண்ணை மூடிக்கொண்டு நேற்றைய எபிசோடைத் தேடிப் பாருங்க. முடியலையா? அந்தச் செயலியின் குறைதீர்ப்பு அலுவலருக்குப் புகார் அனுப்புங்க. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி 15 நாளுக்குள் அவர் முடிவு சொல்லியாக வேண்டும். ஒரு புகாரை ஒதுக்கிவிடலாம். இந்தச் சாலையில் வேலை பார்க்கும் எல்லாரும் அனுப்பினால் ஒதுக்க முடியாது.

இது சலுகை இல்லை தோழர்களே, உரிமை.

#அனைவருக்கும்_அணுகல் #ஒலிவிவரிப்பு_உரிமை