களப்பு நீரும் நம் உணவும்

முல்லைத்தீவுக் கரையிலே நந்திக்கடலும் நாயாறும் கொக்கிளாயும் வன்னி மக்களுக்கு நண்டும் இறாலும் வழங்கும் களப்புகள். அவற்றைக் கொதிக்கவைத்தாற் கிருமிகள் மடியும். ஈயம், கட்மியம், பாதரசம் ஆகிய உலோகங்களையோ அடுப்பு நெருப்பு அழிப்பதில்லை.

மட்டி நீரை வடிகட்டி இரையெடுக்கும் உயிர். நீரிற் கலந்த உலோகம் அதன் உடலிலே சேரும். நண்டின் ஓட்டுக்குள் இருக்கும் ஈரல் போன்ற பகுதியிற் கட்மியம் மிகுதியாகத் தங்கும். கட்மியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத் தடுக்கும்.

ஜப்பானின் மினமாட்டாக் குடாவில் ஆலையொன்று கழித்த பாதரசம், மீனும் மட்டியும் உண்டோரின் நரம்புகளைச் சிதைத்தது. நோய் 1956இல் வெளிப்பட்டது; பாதரசக் கழிவு நின்றதோ 1968இலேதான்.

நமது களப்புகளுக்கு அக்கதி நேராமற் காப்போம். பழைய பற்றரிகளை நீரோடைகளில் எறியாதீர்கள். நண்டின் அப்பகுதியை நீக்கியே குழந்தைகளுக்குப் பரிமாறுங்கள்.