கழுத்தில் உடையும் கல்



தலைமை உரை என்றால் துறையின் வரலாற்றை ஆதியிலிருந்து ஆரம்பித்து, அரசுக்கு நாலு கோரிக்கை வைத்து, தேநீருக்கு வழிவிடுவதுதான் வழக்கம். இன்று வழக்கம் கொஞ்சம் பிசகுகிறது. மேசைமேல் இருக்கும் பிஸ்கட் டப்பாவில் முப்பத்தொரு உடைந்த கண்ணாடித் துண்டுகள் இருக்கின்றன. எல்லாமே பாட்டில்களின் அடிப்பாகத்தைச் செதுக்கிச் செய்த அம்புமுனைகள். எல்லாமே கழுத்தில் உடைந்தவை. இந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் கோடை விடுமுறையைக் கழித்த விதம் இதுதான். முப்பத்திரண்டாவது மட்டும் முழுசாக வந்தது. அதைப் பேரன் தொலைத்துவிட்டான்.

பலகையோடு பலகை சேர்வதற்காகத் தச்சர் வெட்டும் பள்ளத்துக்குக் காடி என்று பெயர். கல்முனையின் இரு பக்கமும் அடியோரத்தில் வெட்டப்படும் சிறு பள்ளத்துக்கும் அதே சொல் பொருந்தும்; இரு காடிகளுக்கும் நடுவே எஞ்சுவதுதான் கழுத்து. ஈரமான தசைநாரை அந்தக் காடிகளில் கொடுத்துத் தண்டோடு சுற்றினால், காயக் காய அது இறுகிக் கல்லைப் பிடித்துக்கொள்ளும். மேலே கொஞ்சம் மரப்பிசின் பூசினால் ஈரமும் அண்டாது. வட அமெரிக்காவில் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஏற்பாடு பரவலாகிவிட்டது. அருங்காட்சியகங்களில் காடிமுனைகளைப் பார்ப்பவர்கள் எல்லாவற்றையும் அம்புமுனை என்றே சொல்கிறார்கள். ஆனால் வில் அந்தக் கண்டத்தின் பெரும்பகுதிக்கு வந்து சேர்ந்தது வெகு காலம் கழித்துத்தான். பழைய காடிமுனைகளில் பெரும்பாலானவை எறிகோலால் வீசிய ஈட்டிகளின் தலையில் இருந்தவை. வில் வந்த பிறகு முனைகள் சிறுத்தன, மெலிந்தன. செயின்ட் லூயிஸ் நகருக்கு எதிர்க்கரையில் உள்ள கஹோகியாவின் 72-ஆம் மேட்டில், சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட கல்லறைகளுக்கு அருகே கட்டுக்கட்டாக அம்புகள் வைக்கப்பட்டிருந்தன. தண்டுகள் மக்கிப் போயின. நூற்றுக்கணக்கான முனைகள் மட்டும் மிஞ்சின. விரல் நகத்தைவிடச் சற்றே அகலமான முக்கோணத்தில் இத்தனை சுத்தமாகக் காடி வெட்டியவர் யாராக இருந்தாலும், அவரிடம் பிஸ்கட் டப்பா இருந்திருக்காது.

காடி வெட்டுவது வேலையின் கடைசிக் கட்டம். அதுதான் அதன் கொடுமை. கல் தேர்ந்து, பெரிய சில்லுகளைத் தட்டிப் பெயர்த்து, இரு முகமும் மெலிய அழுத்திச் சீவி, முக்கோணம் நேராக வந்து நிற்கும்போது பாதிப் பொழுது போயிருக்கும். அதற்குப் பிறகுதான் அந்தக் கல்லின் மிக மெல்லிய இடத்தில் இருபுறமும் கடித்தெடுக்க வேண்டியிருக்கிறது.

இடது உள்ளங்கையில் தடித்த தோல். அதன்மேல் முக்கோணக் கல். வலது கையில் கூராக்கிய மான்கொம்பு. முதலில் காடி வர வேண்டிய இடத்தில் விளிம்பை ஒரு சொரசொரப்பான கல்லால் தேய்த்து மழுக்க வேண்டும். புதிதாகக் கற்பவர்கள் திகைப்பது இங்கேதான்: கூர்மைக்காகச் செய்யும் பொருளின் கூரை ஏன் மழுக்க வேண்டும்? கூரான விளிம்பு அழுத்தத்தைத் தாங்காமல் பொடியாகும். மழுங்கியதுதான் பலத்தைக் கல்லுக்குள் அனுப்பும். கொம்பின் நுனியை அங்கே ஊன்றி, முதலில் உள்நோக்கி அழுத்தி, பிறகு கீழ்நோக்கிச் சாய்த்தால் 'டிக்' என்று ஒரு சத்தம். தோலின்மேல் விசிறி வடிவில் ஒரு பொடிச் சில்லு விழுந்திருக்கும். விளிம்பில் பிறை மாதிரி ஒரு பள்ளம். கல்லைப் புரட்டி, அந்தப் பள்ளத்தின் உதட்டையே மேடையாக்கி மறுமுகத்தில் அழுத்த வேண்டும். மறுபடி புரட்டி, மறுபடி தேய்த்து, மறுபடி அழுத்த வேண்டும். ஒரே முகத்தில் இரண்டு முறை தொடர்ந்து எடுத்தால் விளிம்பு ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். அப்புறம் அதை நடுவுக்குக் கொண்டுவருவது பெரும்பாடு. ஆழம் கூடக் கூடக் கருவிக்கு இடம் குறையும். நுனி காடியின் இரு சுவரிலும் ஒரே நேரத்தில் பட்டால், விறகில் இறங்கிய ஆப்பு போலத் தோள் பிய்ந்துகொண்டு போய்விடும். டப்பாவில் உள்ள முப்பத்தொன்றில் இருபத்தேழு இரண்டாவது காடியில் போனவை. முதல் காடி நல்லபடியாக முடிந்ததும் கை கொஞ்சம் திமிர்பிடித்துவிடுகிறது.

இந்த வேலை அம்மி கொத்துவது போலத்தானே என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டும் வேறு. அம்மி கொத்துபவரின் உளி கருங்கல்லைப் புள்ளி புள்ளியாகப் பொடிக்கிறது. சிக்கிமுக்கிக் கல்லும் எரிமலைக் கண்ணாடியும் பொடிவதில்லை. கண்ணாடி உடைகிற மாதிரி உடைகின்றன. உண்டிவில் கல் பட்ட ஜன்னல் கண்ணாடியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பட்ட பக்கம் சின்னத் துளை, மறுபக்கம் கூம்பாக அகன்ற காயம். அந்தக் கூம்பில் ஒரு கீற்றை வேண்டிய திசையில் வேண்டிய அளவுக்கு வரவழைப்பதுதான் கலை. பெயர்ந்த சில்லில் சிப்பி ஓட்டின் உட்புறம் போல அலைகள் தெரியும். எந்தப் பக்கமிருந்து விசை வந்தது என்று அந்த அலைகளே காட்டிக்கொடுக்கும்.

செய்து பார்த்துத் தெரிந்துகொள்வது என்ற எண்ணம் இந்தத் துறைக்குப் புதிதல்ல. அதன் தொடக்கம் அவ்வளவு கௌரவமானதும் அல்ல. எட்வர்ட் சிம்ப்சன் என்ற யார்க்‌ஷயர்க்காரர், ஊராருக்கு 'ஃபிளின்ட் ஜாக்', கற்கால அம்புமுனைகளைத் தானே செய்து பழம்பொருள் என்று விற்றுப் பிழைத்தவர். 1862-இல் லண்டனில் நிலவியலாளர் சங்கக் கூட்டத்தில் அவரையே மேடையேற்றிச் செய்து காட்டச் சொன்னார்கள். தாங்கள் காசு கொடுத்து வாங்கிவைத்தது எது என்று அன்றைக்குச் சிலருக்கு உறைத்திருக்கும். நூறு ஆண்டு கழித்து, 1964-இல், பிரான்சின் லேஸ் ஐஸீயில் கூடிய கருத்தரங்கில் இந்த வேலை ஆய்வுமுறை என்ற தகுதியைப் பெற்றது. அங்கே தொல்லியலாளர் பிரான்சுவா போர்டும் அமெரிக்காவின் ஐடஹோவிலிருந்து வந்த டான் கிராப்ட்ரீயும் எதிரெதிரே உட்கார்ந்து கல் தட்டினார்கள். கிராப்ட்ரீயிடம் பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது. நாற்பது ஆண்டுக் கை இருந்தது. சில வகைச் சிக்கிமுக்கிக் கற்களை நிதானமாகச் சூடேற்றி ஆறவிட்டால் அவை மெழுகுப் பளபளப்போடு இணக்கமாக உடையும் என்பதை அவரும் ராபர்ட் பட்லரும் அதே 1964-இல்தான் எழுதினார்கள்.

ஆனால் இந்த அவையின் விவாதத்துக்கு மையமாக இருக்க வேண்டியவர் கிராப்ட்ரீ அல்ல. இஷி.

1911 ஆகஸ்ட் 29. வட கலிஃபோர்னியாவில் ஓரோவில் என்ற ஊரின் இறைச்சிக்கூடத்துப் பட்டியில், பசியில் வாடிய ஒருவரைப் பிடித்தார்கள். குடியேறிகளின் படுகொலைகளில் அழிந்த யாஹி மக்களில் மிஞ்சிய ஒருவர். தன் பெயரை அவர் கடைசிவரை சொல்லவில்லை. 'இஷி' என்றால் அவர் மொழியில் மனிதன் என்றுதான் பொருள். மானுடவியலாளர்கள் குரோபரும் வாட்டர்மனும் அவரை சான் ஃபிரான்சிஸ்கோவில் பல்கலைக்கழக அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கூட்டம் கூடும். இஷி உட்கார்ந்து காடிமுனை செய்வார், செய்ததைப் பார்வையாளர்களுக்குக் கொடுப்பார். 1916 மார்ச்சில் காசநோய் அவரைக் கொண்டுபோகும்வரை அந்தக் கை ஓயவில்லை.

அவரோடு நெருங்கிப் பழகி வில்வித்தை கற்ற மருத்துவர் சாக்ஸ்டன் போப் ஒரு காட்சியைப் பதிவு செய்திருக்கிறார். வேலை நடுவே கண்ணில் தூள் விழுந்தால் இஷி கண்ணைக் கசக்க மாட்டார், இமைக்கவும் மாட்டார். கீழிமையை விரலால் இழுத்துப் பிடித்து, தரையைப் பார்த்துக் குனிந்து, உச்சந்தலையில் ஓங்கி ஓர் அறை. தூள் விழுந்துவிடும். மதியச் செய்முறை அமர்வில் இந்த உத்திக்கு அனுமதி இல்லை. பாதுகாப்புக் கண்ணாடி வாசலிலேயே தரப்படும்.

இஷியைக் 'கற்கால மனிதர்' என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளின. அந்தக் கற்கால மனிதரின் கையில் இருந்தது இரும்புக் கம்பி; அவர் செதுக்கியவற்றில் பல பாட்டில் கண்ணாடி, ஜன்னல் கண்ணாடி. மான்கொம்பும் எரிமலைக் கண்ணாடியும் அவருக்குத் தெரியாதவை அல்ல. குடியேறிகள் காட்டைச் சூழ்ந்த பிறகு பிறந்த ஒருவருக்கு இரும்பும் பாட்டிலும் கைக்கெட்டிய பொருள்கள், அவ்வளவுதான். கைக்குத் தெரிந்தது காடி. பொருள் எதுவானாலும் அது காடிதான் வெட்டும்.

கதை அதோடு முடியவில்லை. கல்லாய்வாளர் ஸ்டீவன் ஷாக்லி அருங்காட்சியகத்தில் இஷி செய்த முனைகளை, யாஹி மக்கள் வாழ்ந்த இடங்களில் கிடைத்தவற்றோடு ஒப்பிட்டு 2000-ஆம் ஆண்டில் எழுதினார். யாஹி இடங்களின் முனைகள் குட்டையானவை, அகன்றவை. இஷி செய்தவை நீண்டவை, பக்கக்காடியும் உள்வளைந்த அடியும் கொண்டவை; அண்டையில் வாழ்ந்த வின்டு, நோம்லாக்கி மக்களின் முனைகளைப் போன்றவை. யாஹிகளுக்கும் அந்த அண்டை வீட்டாருக்கும் பகை என்பதுதான் அதுவரை புத்தகங்கள் சொன்னது. அப்படியானால் அந்தக் கை யாரிடம் பழகியது? கூட்டம் குறைந்த கடைசி ஆண்டுகளில் இரு மக்களும் கலந்திருக்கலாம், அண்டைக் குழுவின் உறவினர் ஒருவரே சொல்லிக் கொடுத்திருக்கலாம் என்பது ஷாக்லியின் வாதம். மருமகள் வைக்கும் ரசத்தில் பிறந்த வீட்டு மணம் வருவதைப் போல. மாறாக, பார்வையாளர் கண்ணுக்காகச் செய்த முனைகள் வேட்டைக்குச் செய்தவற்றைவிடப் பெரிதாக, அலங்காரமாக அமைந்திருக்கும், ஒப்பீடு அங்கேயே தடுமாறும் என்றும் வாதிட இடமுண்டு. இந்தத் தலைமையின் சாய்வு ஷாக்லி பக்கம். பெருமைக்குச் செய்பவர் முனையை நீட்டுவார். காடியை இடம் மாற்ற மாட்டார். அது கைப்பக்குவம், அவ்வளவு சுலபமாக மாறுவதில்லை.

இங்கேதான் இந்த மாநாட்டுக்கு ஒரு கோரிக்கை. வந்திருக்கும் கட்டுரைச் சுருக்கங்களில் பெரும்பாலானவை செய்து முடித்த முனையின் படத்தோடு வருகின்றன. 'தொல்குடியினர் இப்படித்தான் செய்தார்கள்' என்ற வரியும் கூடவே வருகிறது. செம்பு ஆணியால் வெட்டினாலும், மான்கொம்பால் வெட்டினாலும், இரும்புக் கம்பியால் வெட்டினாலும் காடி ஏறக்குறைய ஒன்றுபோலவே வரும். முடித்த முனை, இப்படியும் செய்யலாம் என்று காட்டும். அதற்குமேல் அதனிடம் கேட்பது நியாயமில்லை. எப்படிச் செய்தார்கள் என்பது தோலிலிருந்து தரையில் சிந்தியதில் இருக்கிறது. காடிச் சில்லுக்குத் தனி முகம் உண்டு: விசிறி உடல், உள்வாங்கிய பிறைத் தலை. பழகிய கண் அதை ஆயிரம் சில்லில் அடையாளம் காணும். முனையை எடுத்துக்கொண்டு வேட்டைக்காரர் போய்விடுவார், அது எங்கோ ஒரு மானோடு தொலையும். சில்லு மட்டும் அவர் உட்கார்ந்த இடத்திலேயே கிடக்கும்.

அந்தச் சில்லு பல சமயம் அரிசியளவுகூட இருக்காது. அமெரிக்க அகழாய்வுகளில் நெடுங்காலம் வழக்கத்தில் இருந்த கால் அங்குலச் சல்லடை, அதாவது சுமார் 6 மில்லிமீட்டர் கண், அதை அப்படியே கீழே விட்டுவிடும். காடி வெட்டிய இடத்தைத் தேடிப் போனவர்களே அதைச் சலித்துக் கொட்டியிருக்கிறார்கள். நம் பக்கத்தில் காடிமுனை மரபு பேசப்படவில்லை என்றாலும், தூத்துக்குடி, திருநெல்வேலி வட்டாரத் தேரி மணலில் கிடைத்த நுண்கற்கருவிகளைப் பற்றி சாய்னரும் ஆல்சினும் 1956-இலேயே எழுதிவிட்டார்கள். தேரியில் தோண்டப்போகும் இளைஞர்கள் மண்வெட்டி வாங்கும் முன் மாவு சலிக்கும் சல்லடை வாங்குவது நல்லது.

கல் தட்டுவதை உயிர்த் தொழிலாகச் செய்பவர்கள் இன்னும் இந்தியாவிலேயே இருக்கிறார்கள். குஜராத்தின் கம்பாத்தில் அகேட் மணி செய்பவர், தரையில் சாய்வாக நட்ட இரும்புக் கம்பியின் முனையில் கல்லை ஒட்டிவைத்து, மறுபக்கம் எருமைக்கொம்புச் சுத்தியலால் தட்டுகிறார்; சில்லு கம்பி தொட்ட இடத்திலிருந்து பெயர்கிறது. வாலன்டின் ரூ, பிளாந்தின் பிரில் குழுவினர் அந்தச் சுத்தியலில் முடுக்கமானியைப் பொருத்தி, தேர்ந்தவர் தட்டையும் அரைகுறைத் தட்டையும் அளந்து 1995-இல் வெளியிட்டார்கள். அதே கம்பாத்தின் இன்னொரு பக்கம் சிலிக்கோசிஸ். கல்தூள் நுரையீரலில் படிந்து மூச்சைப் பிடுங்கும் நோய். துப்பாக்கிக்குச் சிக்கிமுக்கி தட்டிய இங்கிலாந்தின் பிராண்டன் ஊர்த் தொழிலாளர்களையும் அதுதான் கொன்றது. பொழுதுபோக்காகத் தட்டுபவர்கள் மூடிய அறையில் மின்விசிறி போட்டுத் தட்டுவதைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது.

ஆகவே மதியம் செய்முறை கொல்லைப்புறத்தில், வேப்பமரத்தடியில், காற்றுக்கு முதுகு காட்டி நடக்கும். முகக்கவசம் கட்டாயம். தார்ப்பாய் விரிக்கப்பட்டிருக்கும், ஒரு சில்லும் மண்ணில் சிந்தக் கூடாது. சிந்தியதை எல்லாம் கூட்டி, பையில் கட்டி, இந்த ஆண்டு அச்சான ஒரு ரூபாய் நாணயம் ஒன்றையும் உள்ளே போட்டு முடிச்சுப் போடுவார்கள். முழுசாக வரும் முனைகளின் அடியில் செய்தவர் பெயரெழுத்தும் ஆண்டும் கீறப்படும். ஃபிளின்ட் ஜாக் நமக்குச் சொல்லிக் கொடுத்த பாடத்துக்கு அந்த அளவு மரியாதையாவது வேண்டும்.

முதல் அமர்வுக்கு முன் பிஸ்கட் டப்பா ஒரு சுற்று வரும். விளிம்புகள் கூர், பார்த்து எடுங்கள். ஒவ்வொரு துண்டிலும் எண் இருக்கிறது. அதனதன் சில்லுகள் அதே எண்ணிட்ட உறையில் இருக்கின்றன. 19-ஆம் துண்டில் இரண்டு காடியும் ஒரே ஆழம், விளிம்பு நடுவில்தான் இருக்கிறது, ஆப்பு விழுந்த தடமும் இல்லை. ஆனாலும் உடைந்தது. உறையில் உள்ள சில்லுகளைப் பார்த்துவிட்டு யாராவது காரணம் கண்டுபிடித்தால், சாப்பாட்டுக்கு முன்பே வந்து சொல்லுங்கள்.