நிலவறையும் ஒரு பதிவேடும்



கூரைத் தகரத்தைத் தூக்கும் காற்றை நாம் கண்டிருக்கிறோம். அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்து மூர் நகரில் 2013 மே 20ஆம் நாள் வீசிய சுழற்காற்றோ வீடுகளையே பெயர்த்தெறிந்தது. அதன் வேகம் மணிக்கு 320 கிலோமீட்டரைத் தாண்டியது. மாண்டோர் 24 பேர். அவர்களுள் எழுவர், புகலறை இல்லாத ஒரு பள்ளியின் குழந்தைகள்.

எச்சரிக்கைக்குப் பின் காற்று தரை தொட 16 நிமிடங்களே இருந்தன. தொலைவில் உள்ள புகலிடம் யாருக்கு உதவும்? ஆதலால் அங்கே பலர் கார் நிறுத்தும் கொட்டகையின் தரைக்கடியிலேயே இரும்பு அறை பதிக்கின்றனர். பறந்துவரும் மரமும் தகரமும் மண்ணுக்குள் எட்டா.

ஆனால், இடிந்த வீடு கதவின்மேல் விழுந்துவிட்டால்? அறை இருக்குமிடத்தை நகராட்சியில் முன்னரே பதிந்து வைக்கின்றனர். குழி வெட்டியதினும் இதுவே மதிநுட்பம் என்பேன். மீட்போர் அப்பதிவைப் பார்த்தே இடிபாட்டை அகற்றத் தொடங்குவர்.