சொல்லைச் சோதித்தவர்கள்

 

பிரெஞ்சு சிந்தனையாளர்கள் மீது நெடுங்காலமாக ஒரு குற்றச்சாட்டு உண்டு. ஊர் பற்றி எரியும்போது மொழி, பிரதி, குறி என்று விளையாடிக்கொண்டிருந்தார்களாம். தத்துவத்தைக் கைவிட்டு இலக்கியத்துக்குள் ஒளிந்துகொண்டார்களாம். அந்தக் குற்றச்சாட்டு பொய் என்று சொல்லத்தான் இந்த மேடையில் ஏறியிருக்கிறேன். மனிதனை ஒடுக்கும் வேலையில் பாதி, மொழியிலேயே முடிந்துவிடுகிறது. அதைக் கண்டுகொண்டதால்தான் அவர்கள் மொழியைக் கையிலெடுத்தார்கள்.

ஆதாரம் கேட்பீர்கள். தருகிறேன்.

1954 நவம்பர் முதல் தேதி அல்ஜீரியாவில் விடுதலைப் போர் வெடித்தது. 1962 வரை நடந்தது. லட்சக்கணக்கில் மக்கள் மாண்டார்கள். ஆனால் பிரெஞ்சு அரசின் ஏடுகளைப் புரட்டினால், அங்கே போரே நடக்கவில்லை! 'ஒழுங்கைக் காக்கும் நடவடிக்கை' என்று எழுதினார்கள். எதிர்த்து நின்றவனைப் போராளி என்று சொல்லவில்லை, கொள்ளைக் கூட்டம் என்றார்கள். நடந்தது போர்தான் என்று பிரெஞ்சு நாடாளுமன்றம் சட்டம் இயற்றி ஒப்புக்கொண்டது எப்போது தெரியுமா? 1999இல்! போர் என்று பெயரிடாவிட்டால் போர்க் கைதி என்று எவனும் இல்லை. போர்க் கைதி இல்லையென்றால் அவனைக் காக்கும் சட்டத்துக்கும் வேலை இல்லை. இப்போது சொல்லுங்கள், மொழி விளையாட்டை ஆடியது யார்? தத்துவவாதியா, அரசா?

அந்த மோசடியை, போர் நடந்துகொண்டிருந்தபோதே பிரித்துக் காட்டியவர் இலக்கிய விமர்சகர் ரொலான் பார்த். 1957இல் வெளிவந்த 'மித்தொலொஜி' நூலில், காலனி அரசின் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, இது எதை மறைக்கிறது, இது யாரைக் காப்பாற்றுகிறது என்று கேட்டார். அதே நூலில் இன்னொரு காட்சி. முடிதிருத்தும் கடையில் அமர்ந்திருக்கிறார். 'பாரி மாட்ச்' வார இதழைக் கொடுக்கிறார்கள். அட்டையில் ஒரு கறுப்பின இளைஞன். பிரெஞ்சு ராணுவ உடுப்பு. கண்களை மேலே நிமிர்த்தி சல்யூட் அடிக்கிறான்.

நாமாக இருந்தால், யாரோ ஒரு பையன் சல்யூட் அடிக்கிறான் என்று பக்கத்தைப் புரட்டியிருப்போம். பார்த் புரட்டவில்லை. பிரான்ஸ் மாபெரும் பேரரசு, நிறபேதமின்றி அதன் பிள்ளைகள் எல்லோரும் அதற்கு விசுவாசமாக இருக்கிறார்கள், ஆகவே காலனி ஆதிக்கம் என்று கூச்சலிடுகிறவர்கள் வாயை மூடலாம் என்று அந்த அட்டைப்படம் வாய்திறக்காமலே சொல்வதைக் காட்டினார். வரலாற்றில் மனிதர்கள் செய்த ஒன்றை இயற்கை போலக் காட்டுவதுதான் தந்திரம் என்றார். தோழர்களே, இது அரசியல் இல்லையென்றால் எது அரசியல்?

அதே கண்ணோடுதான் அவர் இலக்கியத்தையும் படித்தார். ரசீனின் நாடகங்களைப் பற்றி 1963இல் அவர் ஒரு நூல் எழுதியதும், சொர்போன் பேராசிரியர் ரெமோன் பிக்கார் 1965இல் அதை மோசடி என்று தாக்கினார். மறு ஆண்டே பார்த் நூலாகவே பதில் தந்தார். 1970இல் பால்சாக்கின் ஒரு குறுநாவலை 561 துண்டுகளாகப் பிரித்து, துண்டு துண்டாகப் படித்துக் காட்டினார். இலக்கியத்தை மதிக்காதவன் செய்கிற வேலையா இது?

அடுத்து தத்துவவாதி ழாக் தெரிதா. 1930இல் அல்ஜியர்ஸை ஒட்டிய எல் பியாரில், ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1940இல், ஹிட்லரின் ஜெர்மனியோடு ஒத்துழைத்த பிரான்சின் விஷி அரசு அல்ஜீரிய யூதர்களின் பிரெஞ்சுக் குடியுரிமையைப் பறித்தது. 1942இல் பள்ளி திறந்த அன்றே பன்னிரண்டு வயதுப் பையனை வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். அந்த மண்ணில் ஜெர்மன் படை இல்லை. பிரெஞ்சு நிர்வாகமே செய்த அநியாயம் அது. அவனுக்கு இருந்தது ஒரே மொழி, பிரெஞ்சு. அந்த மொழி உன்னுடையதல்ல என்று அந்த மொழியிலேயே சொல்லி அனுப்பினார்கள்! ஐம்பதாண்டுகளுக்கும் மேல் கழிந்த பிறகு, 1996இல், அந்தக் காயத்தைத் தனி நூலாகவே எழுதினார். மொழிக்கு ஒரே எஜமான், பிரதிக்கு ஒரே பொருள் என்று அடித்துப் பேசுகிறவர்களை அவர் வாழ்நாள் முழுவதும் ஏன் நம்பவில்லை என்பது இப்போது விளங்குகிறதா? 1992இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்கு கௌரவப் பட்டம் தர முன்வந்தபோது எதிர்ப்பு கிளம்பி, வாக்கெடுப்பு வரை போனது. ஆதரவு 336, எதிர்ப்பு 204. தத்துவத்தையும் இலக்கியத்தையும் பிரிக்கும் சுவரில் கைவைத்தவரைக் கண்டு அவ்வளவு பேர் அஞ்சினார்கள்.

மூன்றாவது, தத்துவவாதி மிஷெல் ஃபூக்கோ. அவர் 1969இல் 'ஆசிரியன் என்பது என்ன?' என்று உரையாற்றினார். யார் பேசினால் ஒரு சொல்லுக்கு மதிப்பு வருகிறது என்பதே கேள்வி. அரங்கத்தோடு முடிந்துவிட்ட கேள்வி என்கிறீர்களா? 1971இல் நண்பர்களோடு சேர்ந்து சிறைகள் பற்றிய தகவல் குழுவைத் தொடங்கினார். கைதிகளைப் பார்க்க வாசலில் வரிசையில் நின்ற குடும்பங்களிடம் வினாத்தாள்களைக் கொடுத்து, உள்ளே இருப்பவர்களின் பதில்களைத் திரட்டி அச்சிட்டார்கள். கைதிகளுக்காகப் பேசக் கிளம்பவில்லை. கைதிகளே பேச வழி செய்தார்கள். இன்னொருவரையும் சொல்ல வேண்டும். அல்ஜீரியப் போரில் ஆயுதம் ஏந்த மறுக்கும் உரிமைக்காக 1960இல் 121 பேர் கையெழுத்திட்ட அறிக்கையை உருவாக்கியதில் முன்னின்றவர் எழுத்தாளர் மொரிஸ் பிளான்ஷோ. இலக்கியத்தின் மௌனத்தைப் பற்றியே எழுதியவர் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் அதே பிளான்ஷோ!

இனி நம்மவர்களிடம் ஒரு வார்த்தை. பிரெஞ்சு எழுத்தும் சிந்தனையும் தமிழுக்குப் புதியவை அல்ல. வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து நேரடியாகத் தமிழாக்கிய கம்யூவின் 'அந்நியன்' 1980இல் வந்தது. இந்தச் சிந்தனைக்கு அடித்தளமான அமைப்பியல் பற்றித் தமிழவன் எண்பதுகளின் தொடக்கத்திலேயே நூல் எழுதினார். அந்த உழைப்பை நாம் எப்படி வீணடித்தோம்? 'ஆசிரியன் இறந்துவிட்டான்' என்று பார்த் எழுதியதைக் கோஷமாகப் போடக் கற்றோம். ஒரு கதையைக்கூட வரி வரியாகப் படிக்காமல், பெயர்களை வீசி எதிராளியை மடக்கினோம். படிக்காமல் திட்டுகிறவரும் படிக்காமல் போற்றுகிறவரும் செய்வது ஒரே துரோகம். இரண்டு பேருக்கும் அந்த எழுத்து தேவைப்படவில்லை.

மாணவத் தோழர்களே, உங்களிடம்தான் கேட்கிறேன். நாளைக் காலை நாளிதழை விரியுங்கள். 'ஆக்கிரமிப்பு வீடுகள் அகற்றப்பட்டன' என்று ஒரு செய்தி இருந்தால் அங்கேயே நில்லுங்கள். அகற்றியது யார்? வாக்கியத்தில் ஆளே இல்லை! அதைக் குடியிருப்பு என்று சொல்லாமல் ஆக்கிரமிப்பு என்று தீர்மானித்தது யார்? முப்பது வருடம் அங்கே குடியிருந்தவள் அந்த வாக்கியத்தில் எங்கே? ஒரு கவிதைக்குக் கொடுக்கும் கவனத்தை அந்த ஒரு வரிக்குக் கொடுங்கள். அப்படிப் படிக்கப் பழகியவனை எந்த அரசாணையும் எளிதில் ஏமாற்ற முடியாது. பார்த்தும் தெரிதாவும் ஃபூக்கோவும் செய்த வேலை அதுதான். அவர்கள் பெயரைச் சொல்வதை நிறுத்திவிட்டு, அந்த வேலையைத் தொடங்குங்கள்!