நாகினியும் விண்வெளிக் காதலனும்

(புதூர்நாட்டில் செய்த சொற்பொழிவு)



இன்று நம்மை இங்கு அழைத்த வாலிபர்கள், கடவுளைப் பற்றியோ சாஸ்திரத்தைப் பற்றியோ பேசும்படி கேட்கவில்லை. தொலைக்காட்சியில் ஓடுகிற பாம்பு நாடகத்தைப் பற்றியும், படிக்கிற பெண்பிள்ளைகள் செல்போனில் ஆடுகிற காதல் விளையாட்டைப் பற்றியும் பேசவேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். இவை மேடையேற்றத்தக்க விஷயங்களா என்று சில பெரியவர்கள் முகஞ்சுளிக்கலாம். நாம் அப்படி நினைக்கவில்லை. முன்பெல்லாம் இம்மலைக்குப் புராணம் வரவேண்டுமானால் ஒரு பாகவதர் திருப்பத்தூரிலிருந்து கால்கடுக்க மலையேறி வரவேண்டும். வந்தவருக்குச் சோறும் தட்சணையும் கொடுக்கவேண்டும். அவரும் நாலு நாளில் போய்விடுவார். இன்றோ கூரைமேல் ஒரு தட்டை வைத்துவிட்டால் போதும், பாகவதர் வீட்டிற்குள்ளேயே குடியிருக்கிறார். ஆகையால் அவரைப் பற்றிப் பேசாமல் வேறு யாரைப் பற்றிப் பேசுவது?

முதலில் நாடகத்தை எடுத்துக்கொள்வோம். “நாகின்” என்பதாக ஒரு தொடர் நாடகம் 2015 நவம்பரில் கலர்ஸ் என்னும் ஹிந்தித் தொலைக்காட்சியில் தொடங்கிற்று. ஏக்தா கபூர் அம்மையாரின் கம்பெனி எடுத்தது. தமிழிலும் குரல் மாற்றி “நாகினி” என்று ஓடிற்று. ஒரு பாம்பு பெண் உருவம் எடுக்கிறது. தன் தாய் தகப்பனைக் கொன்றவர்களைப் பழிவாங்க ஒரு பணக்காரன் வீட்டில் நுழைகிறது. அவ்வீட்டு மகனையே கலியாணமும் செய்துகொள்கிறது. இதுதான் கதை. பணம் குவியவே, அடுத்தடுத்துப் பல பாகங்கள் எடுத்தார்கள். 2020-இல் வந்த ஐந்தாம் பாகத்தில் பதினாயிரம் வருஷத்திற்கு முந்திய காதலும் பகையும் மறுஜன்மம் எடுத்து வருகின்றன.

கதையைக் கதையென்று பார்த்துச் சிரித்துவிட்டுப் படுத்துக்கொள்ளுகிறவர்களிடம் நமக்கு எவ்விதச் சண்டையும் இல்லை. நாள் முழுவதும் காட்டிலும் கொல்லையிலும் உழைத்து வந்த ஒரு பெண் ராத்திரி அரைமணி நேரம் பட்டுச்சேலை கட்டிய பாம்பைப் பார்த்தால் நமக்கென்ன நஷ்டம்? ஆனால் பாம்பு பழிவாங்கும், பாம்புக்குப் பால் வார்த்தால் சாந்தியடையும், பாம்பு கடித்தால் அது பூர்வஜன்ம கடன் என்கிற எண்ணங்கள் நாடகம் முடிந்த பிறகும் வீட்டிலேயே தங்கிவிடுகின்றன. பாம்பு பால் குடிக்கிற பிராணி அல்ல. அதற்கு வெளிக்காது கிடையாது. மகுடி ஆடுகிற பக்கம் தலை ஆடுகிறதே ஒழிய, இசைக்கு அல்ல. அடித்தவன் முகத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு ஊர் ஊராய்த் தேடி வருகிற அறிவும் அதற்கு இல்லை. அந்த வேலையெல்லாம் மனிதன்தான் செய்வான்.

இது சிரித்துத் தள்ளிவிடுகிற சங்கதியன்று. 2000 முதல் 2019 வரையுள்ள இருபது வருஷத்தில் இந்தியாவில் பாம்பு கடித்து இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் என்று 2020-இல் வெளியான ஆராய்ச்சி கணக்கிட்டது. வருஷத்திற்குச் சராசரி 58 ஆயிரம் பேர். பெரும்பாலோர் கிராமத்தார். இவர்களில் எத்தனை பேர் மந்திரிப்பவன் வீட்டு வாசலில் நேரத்தைத் தொலைத்தவர்கள்? மருந்து இல்லாத நோயானாலும் மந்திரத்தை மன்னிக்கலாம். இதற்கோ மருந்து இருக்கிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் எடுத்து, குதிரைக்குச் சிறிது சிறிதாக ஏற்றி, அதன் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளிலிருந்து மருந்து செய்கிறார்கள். அந்த விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்கள் யார் தெரியுமா? மகாபலிபுரத்திற்கு அருகே வடநெம்மேலியில் 1978-இல் ஏற்பட்ட இருளர் கூட்டுறவுச் சங்கத்தார். உங்களைப் போன்ற பழங்குடி மக்கள்! அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இருவருக்கு 2023-இல் பத்மஸ்ரீ பட்டம் கொடுக்கப்பட்டது. பாம்பைக் கும்பிட்டவன் ஒருவனையும் காப்பாற்றவில்லை. பாம்பைப் பிடித்தவன் ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றினான். 2024 நவம்பர் முதல், பாம்புக்கடி வந்தால் ஆஸ்பத்திரிகள் சர்க்காருக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று நமது மாகாணத்தில் உத்தரவாகியிருக்கிறது. ஆகவே கடிபட்டவனை ஆட்டாமல் அசைக்காமல் தூக்கிக்கொண்டு ஓடவேண்டிய இடம் ஆஸ்பத்திரிதான்.

காட்டுப் பாம்பைவிடக் கொடிய இன்னொரு பாம்பு உண்டு. அது ஜாதகக் கட்டத்திற்குள் படுத்திருக்கிறது. அதற்கு நாகதோஷம் என்று பெயர். ஒரு பெண்ணின் ஜாதகத்தில் ராகுவோ கேதுவோ லக்கினத்திற்கு 1, 2, 5, 7, 8 ஆகிய இடங்களில் இருந்தால் தோஷம் என்கிறார்கள். நாம் ஜோசியம் படித்தவர்கள் அல்ல. கூட்டல் கழித்தல் மட்டும் தெரியும். அதைக் கொண்டே பார்ப்போம். கட்டங்கள் பன்னிரண்டு. ராகுவும் கேதுவும் எப்பொழுதும் எதிரெதிரேதான் இருக்கும் என்பதை ஜோசியரே ஒப்புக்கொள்கிறார். ஆகவே அவை உட்காரக்கூடிய ஜோடி இடங்கள் மொத்தம் ஆறு. 1-க்கு எதிர் 7. 2-க்கு எதிர் 8. 5-க்கு எதிர் 11. ஆறு ஜோடியில் மூன்று தோஷத்தில் மாட்டிக்கொண்டன. அதாவது பிறக்கிற குழந்தைகளில் சரிபாதிக்குத் தோஷம்! நாலாமிடத்தையும் சேர்த்துக்கொள்ளுகிற ஜோசியரிடம் போனீர்களானால், மூன்றில் இரண்டு பங்கு பேருக்குத் தோஷம். ஊரில் பாதிப்பேருக்கு வியாதி என்று முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டு கடை திறக்கிற வைத்தியனுக்கு வியாபாரம் குறையுமா?

அந்த ராகுவும் கேதுவும்தான் என்ன? கல்லா, மண்ணா, நெருப்பா? ஒன்றுமில்லை. சூரியன் போவதாக நமக்குத் தோன்றுகிற பாதையைச் சந்திரனுடைய பாதை குறுக்கே வெட்டுகிற இரண்டு இடங்கள், அவ்வளவே. ரோடும் ரோடும் குறுக்கிடுகிற நாற்சந்தி போன்றது. நாற்சந்தி வந்து ஒரு பெண்ணின் கலியாணத்தை நிறுத்துகிறது என்றால் அதைவிடப் பைத்தியக்காரத்தனம் உண்டா? ஆனால் நிறுத்துகிறதே! முப்பது வயதாகியும் “பாம்பு இருக்கிறது” என்று ஒதுக்கப்பட்டு, அரசமரத்தடியில் கல்நாகம் நட்டுச் சுற்றிச் சுற்றி வருகிற பெண்களைக் கீழ்நாட்டில் நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்?

மலைவாசித் தோழர்களே! உங்களிடத்தில் ஒன்று கேட்கிறோம். பெண்ணுக்கு விலையாக வரதட்சணை வாங்காமல் மாப்பிள்ளை வீட்டார் பரியம் கொடுப்பதும், ஒத்துவராதவர்கள் ஊரார் முன்னிலையில் தீர்த்துக்கொண்டு வேறு வாழ்க்கை அமைத்துக்கொள்வதும் மலையாளி மக்களின் பழைய வழக்கம். கீழ்நாட்டுக்காரன் இதற்காக உங்களை நாகரிகமற்றவர்கள் என்றான். நீங்களோ இன்று அவனுடைய நாடகத்தைப் பார்த்து அவனுடைய ஜாதகத்தையும் தோஷத்தையும் மலைக்குமேல் சுமந்து வரப் பார்க்கிறீர்கள். உங்களை நாம் முகஸ்துதி செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. பெண்ணைக் கேட்காமலே, பதினெட்டு வயது நிரம்பு முன்னரே கட்டிக்கொடுப்பது இம்மலையிலும் உண்டு. அது 2006-ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். பரியம் வாங்கினால் மட்டும் பெண் மனுஷியாகி விடமாட்டாள், அவளைக் கேட்கவேண்டும்.

இனி விளையாட்டுக்கு வருவோம். பெண்கள் ஆடுவதற்கென்றே காதல் விளையாட்டு ஒன்றை 1994-இல் ஜப்பானில் கோயி என்னும் கம்பெனியார், பெண்களையே கொண்ட ஒரு குழுவை வைத்துச் செய்தார்கள். அதன் பெயர் ஆஞ்சலிக். அந்த வம்சத்தில் இன்று உலகமெங்கும் பரவியிருப்பது 2024 ஜனவரியில் சீனர் வெளியிட்ட “லவ் அண்ட் டீப்ஸ்பேஸ்”. ஆடுகிறவள் அதில் பூதங்களை வேட்டையாடும் வீராங்கனை. முதலில் மூன்று காதலர்கள் இருந்தார்கள். பிறகு 2024 ஜூலையில் ஒருவரும், 2025 ஜனவரியில் ஒருவருமாகச் சேர்ந்து ஐவரானார்கள். பாஞ்சாலிக்கு ஐவரை அவள் மாமியார் பகிர்ந்து கொடுத்தாள். இங்கே பெண் தானே பார்த்து, பேசி, பிடித்தவனைத் தெரிந்தெடுக்கிறாள். பிடிக்காதவனை விட்டுவிடுகிறாள். எவனும் அரிவாள் எடுப்பதில்லை. என்ன ஜாதி என்று ஒருவன்கூடக் கேட்பதில்லை.

இதைப் பார்த்துத்தான் பெரியவர்கள் கலி முற்றிவிட்டது என்கிறார்கள். நமக்கோ வேறு ஞாபகம் வருகிறது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மகாநாட்டில், ஆணும் பெண்ணும் ஜாதிபேதமின்றித் தங்கள் துணையைத் தாங்களே தெரிந்துகொள்ள உரிமை வேண்டும் என்று தீர்மானித்தார்கள். தொண்ணூறு வருஷத்திற்கு மேலாகியும் அந்த உரிமை செல்போனுக்குள்ளேதான் தாராளமாகக் கிடைக்கிறது. வெளியிலே, 2016 மார்ச் 13-ந் தேதி உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்டிற்கு அருகே பட்டப்பகலில், ஜாதி விட்டுக் கலியாணம் செய்துகொண்ட ஒரு வாலிபனை அவன் மனைவியின் கண்ணெதிரே வெட்டிக் கொன்றார்கள்.

இப்படிச் சொல்வதால் விளையாட்டைச் செய்த கம்பெனிக்காரனை நாம் சமதர்மி என்று சொல்லிவிடவில்லை. அவன் வியாபாரி. காதலனுடைய புதிய படமும் புதிய கதையும் வேண்டுமானால் அட்டை எடுக்கவேண்டும். எடுப்பதற்கு அங்கே “விஷ்”, அதாவது வேண்டுதல் என்றே பெயர்! காசைப் போட்டு வேண்டிக்கொள்வது; வந்தால் வரம், வராவிட்டால் மறுபடியும் காசு. இது உண்டியல் அல்லாமல் வேறென்ன? ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. எத்தனை முறை எடுத்தால் எத்தனை முறை கிடைக்கும் என்ற விகிதத்தை வெளியிட வேண்டும் என்று சீனாவில் 2017 முதல் விதி இருக்கிறது. நமது கோயில் உண்டியல்களில் அப்படி ஒரு பலகை தொங்கினால் நன்றாயிருக்கும்.

இன்னொரு வேடிக்கை. ஆகாயக்கப்பல், நட்சத்திரமண்டலம் என்று விஞ்ஞான வேஷம் போட்ட இந்த விளையாட்டிலும் பூர்வஜன்மம் விட்டபாடில்லை. காதலர்களுக்கும் அவளுக்கும் முற்பிறவிச் சம்பந்தம் உண்டாம். அதில் ஒருவன் லெமூரியாக்காரனாம்! 1864-இல் ஸ்கிளேட்டர் என்னும் வெள்ளைக்காரர் லெமூர் குரங்கினம் எப்படிப் பரவிற்று என்று சொல்வதற்காக ஊகித்த நிலம் அது. அதை நம் புலவர்கள் தமிழன் பிறந்த இடமாக்கினார்கள். சீனன் மாப்பிள்ளை பிறந்த இடமாக்கிவிட்டான். ஆக, ஹிந்தி நாடகத்திலும் விதி, சீன விளையாட்டிலும் விதி. தெரிந்தெடுத்தது நீ என்று பெண்ணிடம் சொல்லிக்கொண்டே, தெரிந்தெடுத்தது பூர்வஜன்மம் என்று முடிக்கிறான்.

உண்மையான விண்வெளி வேண்டுமா? சீனாவிற்குப் போகவேண்டாம். இதே ஜவ்வாது மலையில் காவலூரில் இருக்கிறது. 1977 மார்ச் 10-ந் தேதி யுரேனஸ் என்னும் கிரகம் ஒரு நட்சத்திரத்தை மறைத்துச் சென்றபோது, அதைச் சுற்றி வளையங்கள் இருப்பதை அமெரிக்கர் ஆகாயவிமானத்திலிருந்து கண்டார்கள். அந்த இரவிலேயே காவலூர் தொலைநோக்கியிலும் அதன் அடையாளம் பதிவாயிற்று. 1988-இல் இங்கிருந்து கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர் வைத்தார்கள். 1781-இல் ஹெர்ஷல் காணும் வரையில் யுரேனஸ் இருப்பது எந்த ஜோசியருக்கும் தெரியாது. நவக்கிரகத்தில் அதற்கு இடமில்லை. இருக்கிற கிரகத்தை விட்டுவிட்டு, இல்லாத ராகு கேதுவை வைத்து உங்கள் பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுகிறார்கள்!

கடைசியாக ஒரு சட்ட விஷயம். 1967-இல் அண்ணாதுரை அவர்கள் மந்திரிசபை சுயமரியாதைக் கலியாணத்தைச் சட்டமாக்கிற்று. ஆனால் அது சேர்ந்துள்ள 1955-ஆம் வருஷத்து ஹிந்து விவாகச் சட்டம் சாதாரணமாகப் பட்டியல் பழங்குடியினரைக் கட்டுப்படுத்தாது. ஆதலால் ஜாதியோ மதமோ விட்டுத் துணை தேடுகிற இம்மலைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டியது 1954-ஆம் வருஷத்துத் தனி விவாகச் சட்டம். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். இருவரில் ஒருவராவது முப்பது நாள் வசித்த ஜில்லாவில் விவாகப் பதிவு அதிகாரியிடம் நோட்டீஸ் கொடுக்கவேண்டும். அதன்பின் முப்பது நாள் பொறுத்து, மூன்று சாட்சிகளோடு போய்க் கையெழுத்திட வேண்டும். அந்தப் படிவத்தில் பெயர், வயது, தொழில், விலாசம் கேட்டிருக்கிறது. ராசி, நட்சத்திரம் எழுத இடம் விடவில்லை.

நேரமாகிவிட்டது; கீழே இறங்குகிறவர்களுக்குக் கடைசி பஸ் இருக்கிறது. கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் எழுந்து கேட்கலாம். பின்னால் நிற்கிற சகோதரிகள் முதலில் கேட்கும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.