முகம் தெரியாத படம்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் "புகைப்படக் கலையில் வளர வழி" என்ற தலைப்பில் ஆற்றிய உரை)



இந்த அரங்கத்தில் நான் மேடை ஏறுவது இதுதான் முதல் தடவை. 1975 முதல் 1978 வரை இங்கே இயற்பியல் படித்தபோது கடைசி பெஞ்சுதான் என் இடம். அங்கிருந்து வாசலுக்குப் போவது எளிது. பிறகு வங்கி வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கையில் காமிரா. அப்படி ஓடிய 40 வருஷத்தை நம்பித்தான் செயலாளர் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

சென்ற மாதம் மாணவர்கள் சிலர் வீட்டுக்கு வந்தார்கள். "சார், எந்தக் காமிரா வாங்கலாம்? எந்தப் புத்தகம் படிக்கலாம்? யாரைப் பார்த்துப் படிக்கலாம்?" என்று கேட்டார்கள். நல்ல கேள்விகள்தான். எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்கிறேன். ஆனால் அவர்கள் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. அதற்குப் பதில் தெரிய எனக்கு 2005 வரை ஆயிற்று. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

என் முதல் காமிரா ஆக்ஃபா கிளிக் 3. பழசாக வாங்கியது. அதில் திருப்புவதற்கு அதிகம் ஒன்றும் கிடையாது. வெயிலுக்கு ஒரு குறி, மேகத்துக்கு ஒரு குறி, அவ்வளவுதான். 120 ஃபிலிம் போட்டால் 12 படம். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலை 1967-இல் உற்பத்தி தொடங்கியது. அங்கிருந்து வந்த 'இந்து' ஃபிலிம்தான் எங்களைப் போன்றவர்கள் கைக்கு எட்டியது. அந்தத் தொழிற்சாலை பின்னாளில் மூடப்பட்டுவிட்டது. ஒரு ரோல் வாங்க இரண்டு வாரம் காபி குடிக்காமல் இருக்க வேண்டும். ஆகவே பொத்தானை அமுக்கும் முன் பத்துத் தடவை யோசிப்போம்.

வடசேரிப் பக்கம் ஒரு ஸ்டூடியோ அண்ணாச்சி இருந்தார். ஃபிலிம் கழுவ அவரிடம்தான் போவேன். முதல் ரோல் கழுவிக் கொடுத்தபோது, "அண்ணாச்சி, படம் ஒண்ணும் நல்லா இல்ல" என்றேன். அவர் சொன்னார்: "டே, நல்லா இல்லேண்ணு எங்கிட்ட சொல்லாத. ஏன் நல்லா இல்லேண்ணு எழுதிக்கிட்டு வா. எழுதாம வந்தா அடுத்த ரோலு கழுவ மாட்டேன்."

அன்றே ஒரு 40 பக்க நோட்டு வாங்கினேன். ஒவ்வொரு படத்துக்கும் இடம், நேரம், வெளிச்சம் எந்தப் பக்கம், நான் எவ்வளவு தூரத்தில் நின்றேன் என்று எழுதினேன். மூன்று ரோல் ஆனதும் என் தப்பு எனக்கே தெரிந்தது. 36 படத்தில் 20 படம் உச்சி வெயிலில் எடுத்தது. எல்லோருக்கும் கண் இருக்கும் இடத்தில் இரண்டு குழி! இதை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை, என் நோட்டுதான் சொன்னது. தம்பி தங்கைகளே, நான் சொல்லும் முதல் பாடப்புத்தகம் அதுதான். உங்கள் செல்போன் நேரத்தையும் ஷட்டர் வேகத்தையும் தானே குறித்து வைத்துக்கொள்கிறது. 'ஏன் நல்லா இல்லை' என்பதை மட்டும் அது எழுதாது. அதை நீங்கள்தான் எழுத வேண்டும்.

இரண்டாவது பாடப்புத்தகம் நம்ம மாவட்டம். வெளிநாட்டுப் புத்தகங்களில், மாலையில் பொன்வெயில் நேரத்துக்காகக் காத்திருங்கள், நிதானமாக எடுங்கள் என்று எழுதியிருப்பார்கள். அவர்கள் ஊருக்கு அது சரி. நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே வெறும் எட்டு டிகிரியில் இருக்கிறோம். இங்கே சூரியன் ஏறக்குறைய நேராகக் கீழே இறங்கும். மறைந்த இருபது, இருபத்தைந்து நிமிஷத்தில் இருட்டிவிடும். இங்கிலாந்தில் கோடைக்காலத்தில் இதைப்போல் இரண்டு மடங்கு நேரம் கிடைக்கும். புத்தகத்தை நம்பி முட்டத்தில் நிதானமாக ஸ்டாண்டை விரித்து முடிக்கும்போது எனக்கு மிஞ்சியது கொசுக்கடிதான். அதுபோல ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகலில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். அந்த நாட்களில் மனிதரை எடுப்பதானால் திண்ணையில் உட்காரவைத்து எடுங்கள். முற்றத்து மண்ணில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் முகத்தில் விழும். அதைவிட நல்ல விளக்கு எந்தக் கடையிலும் கிடைக்காது.

வெளிச்ச அளவு படிக்கப் புத்தளம் உப்பளத்துக்குப் போங்கள். காமிராவின் மீட்டருக்கு உப்பு எது, கரி எது என்று தெரியாது. பார்ப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே அது எடுத்துக்கொள்ளும். அதனால் வெள்ளை உப்புக் குவியலை மீட்டர் சொன்னபடி எடுத்தால் படத்தில் அது அழுக்குச் சாம்பலாக வரும். மீட்டர் சொல்வதைவிட ஒன்று, ஒன்றரை ஸ்டாப் கூடுதலாக வெளிச்சம் கொடுத்தால்தான் உப்பு உப்பாக வரும். கருங்கல் சிற்பத்துக்கு இதற்கு நேர்மாறாக, குறைத்துக் கொடுக்க வேண்டும். ஒரு காலை நேரம் உப்பளத்தில் நின்றால் இந்தப் பாடம் ஆயுசுக்கும் மறக்காது.

நிழலைப் படிக்கப் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போங்கள். காமிராவை வீட்டில் வைத்துவிட்டுப் போனாலும் நல்லதே. மந்திரசாலையின் மரச்சட்ட ஜன்னல்கள் வழியாக வெளிச்சம் எப்படி வடிகட்டி வருகிறது, மினுங்கும் கறுப்புத் தரையில் விழுந்து எப்படித் திரும்புகிறது என்று பாருங்கள். இருட்டான மூலைகளும் அந்த அறைக்கு அழகுதான் சேர்க்கின்றன.

இனி புத்தகம். அன்செல் ஆடம்ஸ் எழுதிய மூன்று நூல்கள் உண்டு: 'தி காமிரா', 'தி நெகட்டிவ்', 'தி பிரிண்ட்'. 1980 முதல் 1983 வரை இன்றைய வடிவில் வெளிவந்தவை. ஃபிலிம் காலத்துப் புத்தகங்கள்தானே என்று ஒதுக்க வேண்டாம். எடுக்கும் முன்பே, எந்த இடம் எவ்வளவு கறுப்பாக, எவ்வளவு வெளுப்பாக வர வேண்டும் என்று மனசில் தீர்மானி என்பதுதான் அவற்றின் சாரம். அது இன்றைய செல்போனுக்கும் பொருந்தும்.

படங்களைப் பார்த்துப் படிப்பது இன்னும் நல்லது. சென்னை ராஜதானியின் அரசாங்கப் புகைப்படக்காரராக 1856 முதல் 1860 வரை இருந்த லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி மதுரை, தஞ்சாவூர், ஸ்ரீரங்கம் எல்லாம் போய்ப் படம் எடுத்தார். காகித நெகட்டிவ், பெரிய பெட்டிக் காமிரா, மாட்டுவண்டிக் காலம். தஞ்சைப் பெரிய கோயில் அடிப்பீடத்துக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, ஒரே நீளப் படமாக்கினார். அவர் படங்கள் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் உள்ளன. கணினியிலேயே பார்க்கலாம். வித்தை காட்ட வேண்டும் என்ற ஆசை அந்தக் கல்வெட்டுப் படத்தில் இல்லை. எழுத்து தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

நம் காலத்தில் பாலு மகேந்திரா இருந்தார். மட்டக்களப்புப் பக்கத்தில் பிறந்து, புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்தவர். 1982-இல் வந்த 'மூன்றாம் பிறை'யை ஒருமுறை சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். எந்த ஜன்னலிலிருந்து வெளிச்சம் வருகிறது என்று மட்டும் கவனியுங்கள். ஒரு வருஷ வகுப்புக்கு அது சமம்.

மூன்றாவதாக அமெரிக்கா. 1930-களில் அங்கே விவசாயிகள் பஞ்சம் பிழைக்க ஊர்விட்டு ஊர் போனார்கள். அதைப் பதிவு செய்ய அரசாங்கமே புகைப்படக்காரர்களை அனுப்பியது. அந்தக் கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள் சுமார் 1,75,000 அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன. யாரும் காசில்லாமல் பார்க்கலாம். டொரோதியா லாங் 1936-இல் எடுத்த, பிள்ளைகளோடு கன்னத்தில் கைவைத்திருக்கும் தாயின் படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அந்தப் படத்தோடு நிறுத்தாமல், அதே இடத்தில் அவர் எடுத்த மற்ற படங்களையும் பாருங்கள். தூரத்தில் தொடங்கி எப்படிக் கிட்டே கிட்டே போனார் என்பது புரியும்.

அந்தத் தொகுப்பில் இன்னொன்றும் பார்ப்பீர்கள். சில படங்களின் நடுவில் கறுப்பாக ஒரு வட்டம். அந்தத் திட்டத்தின் தலைவர் ராய் ஸ்ட்ரைக்கர், தமக்குத் தேவையில்லை என்று தோன்றிய நெகட்டிவ்களில் பஞ்ச் கருவியால் ஓட்டை போட்டுவிடுவார். சில படங்களில் அந்த ஓட்டை மனிதன் முகத்திலேயே விழுந்திருக்கிறது. அதைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. காரணம், நானும் அந்த வேலையைச் செய்தவன்.

1986-இல் ஒருநாள் சாயங்காலம். மணக்குடிப் பொழிமுகம். அப்போது என்னிடம் யாஷிகா காமிரா வந்துவிட்டது. பத்து வயசுப் பையன் ஒருவன் தோளில் வலையோடு கரையில் நின்றான். முன்பல் ஒன்று விழுந்திருந்தது. "போட்டோவா சாரே, எடுங்க" என்று சிரித்தான். வெளிச்சம் இருக்கும்போது ஒன்பது படம் எடுத்தேன். பிறகு சூரியன் இறங்கியது. அவனைச் சூரியனுக்கு எதிரே நிறுத்திக் கடைசி மூன்று படம் எடுத்தேன். வானம் ஜொலிக்க, பையன் கன்னங்கரிய உருவமாக நிற்கும் படம். அதில் ஒன்று ஒரு போட்டியில் பரிசு வாங்கியது. சான்றிதழ் இன்னும் என் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

1991-இல் வீடு மாறினோம். அலமாரியில் இடம் இல்லை. பரிசு வாங்கிய துண்டு நெகட்டிவை வைத்துக்கொண்டு மற்றதைக் குப்பையோடு எரித்தேன். சிரித்த பையனின் ஒன்பது படமும் அதில் போயிற்று. 'சாதாரணப் படம்தானே' என்று நினைத்தேன்.

2004 டிசம்பர் 26. சுனாமி. மணக்குடிப் பாலத்தையே அலை பெயர்த்துப் போட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அடுத்த மாதம் ஒரு அம்மா, யாரிடமோ விசாரித்து, என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். "எனக்க மோனுக்க படம் ஒங்க கைல உண்டும்ணு சொன்னாவ சாரே" என்றார்கள். பையன் 28 வயசில் கடலோடு போய்விட்டான். வீடும் போயிற்று. வீட்டிலிருந்த படம் எல்லாம் போயிற்று.

நான் சுவரில் இருந்த படத்தைக் கழற்றிக் கொடுத்தேன். வேறு என்ன இருந்தது என் கையில்? அந்த அம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். சரித்துப் பார்த்தார்கள். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார்கள். "மொகத்தக் காணல்லியே சாரே" என்றார்கள்.

பதில் சொல்ல வாய் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர்களே, "நிப்பு அவனுக்க நிப்புதான்" என்று சொல்லிப் படத்தை நெஞ்சோடு சேர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். எனக்கு ஆறுதல் சொல்லத்தான் அப்படிச் சொன்னார்களோ என்று இன்றும் நினைக்கிறேன்.

மாணவர்கள் கேட்காமல் விட்ட கேள்வி இதுதான்: இந்தப் படம் யாருக்கு? நான் போட்டி நடுவருக்காக எடுத்தேன். நிழலுருவம் எடுப்பது தப்பில்லை. அது அழகுதான். ஆனால் எது நல்ல படம் என்று எடுத்த அன்றே முடிவுகட்டி மற்றதை அழித்தேனே, அதுதான் தப்பு. ஒரு படத்தின் மதிப்பு எடுத்தவனுக்கு மட்டும் தெரிந்துவிடுவதில்லை.

அதன்பிறகு நான் ஒரு நெகட்டிவையும் எறிந்ததில்லை. கடற்கரை ஊர்களில் யாரைப் படம் எடுத்தாலும், முதலில் முகம் தெளிவாகத் தெரிய ஒன்று எடுத்து, பிரிண்ட் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன். 2017-இல் ஒக்கி புயல் வந்தபோது, நான் கொடுத்த படங்கள் எந்தெந்த வீட்டில் இருக்கின்றன என்று ராத்திரி படுத்து எண்ணிப் பார்த்தேன். தூக்கம் வரவில்லை.

தம்பி தங்கைகளே, மூன்று காரியம் சொல்லி முடிக்கிறேன். நோட்டு எழுதுங்கள். எடுத்த படத்தை ஒரு வருஷம் வரை அழிக்காதீர்கள். இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள். மாதம் ஒரு படமாவது காகிதத்தில் போட்டு, படத்தில் இருப்பவர் கையிலேயே கொடுங்கள். வாங்கிப் பார்க்கும்போது அவர் முகம் எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள். என் விமர்சகர்களில் அவர்களைவிடக் கறாரானவர்கள் இல்லை.

இன்று ராத்திரி வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். அம்மாவை, அப்பாவை, பாட்டியைத் திண்ணையிலோ ஜன்னல் பக்கத்திலோ நாளைக் காலையில் உட்காரச் சொல்லி வையுங்கள். முகம் தெரிய ஒரு படம். கலை அப்புறம் வரட்டும்.

என்னுடைய பழைய நோட்டுகள் பதினொன்றை நம் கல்லூரி நூலகத்துக்குக் கொடுத்திருக்கிறேன். எழுத்து கோழி கிறுக்கல்தான். தப்புகள் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. பார்த்துக்கொள்ளுங்கள்.